கூலி என்று எழுதினால் படிப்பு இலவசம்

இந்த மாதிரிக் கட்டுரைகளை ரிட்டயர் ஆனவர்கள்தான் எழுதுவார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாங்கள் அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அரசாங்க வேலை கிடைத்து இந்த மிஷன் ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறேன், அவ்வளவுதான். இந்த வருஷம் சேர்ந்த நீங்கள் கூட்டமாக வந்து, "அண்ணா, ஹாஸ்டல் மலருக்கு உங்க அனுபவம் எழுதிக் குடுங்க, சிரிப்பா இருந்தா நல்லது" என்று கேட்டீர்கள். சிரிப்பு கொஞ்சம் வரும். ஆனால் நான் கோபத்தில் இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

கோபத்துக்குக் காரணம் மல்லிகா. உங்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். பெண்கள் வார்டில் ஆயா. பேராவூரணிப் பக்கத்துப் பெண். வேலை கேட்டு வந்த அன்றைக்கு அவள் ஆயா வேலை கேட்டு வரவில்லை. வெள்ளைச் சேலை, வெள்ளைத் தொப்பி, கையில் தங்க எழுத்துப் போட்ட டிப்ளமா. மேட்ரன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கம்மா படிச்சே?"

"தஞ்சாவூர்ல மேடம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஒரு வருஷ நர்சிங்."

"இதை வச்சு நர்சிங் கவுன்சில்ல பதிய முடியாது. பதியலைன்னா நீ நர்ஸ் இல்ல. ஆயா வேலைதான் இருக்கு, வேணுமா?"

அவள் அழவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்து, ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போன என்னிடம், முன்பின் தெரியாத என்னிடம் சொன்னாள்: "அண்ணே, எங்க அப்பா தென்னந்தோப்பை வித்தாரு. அவங்க சேலை குடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க. படிப்பை மட்டும் குடுக்கல."

நான் அந்த இடத்தைப் பார்த்தவன். அதனால்தான் எனக்கு அப்படிக் கொதித்தது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் நானும் அந்த மாடிப்படி ஏறியிருக்கிறேன். கீழே சைக்கிள் கடை, மேலே நர்சிங். உள்ளே ஒரு இரும்புக் கட்டில், அதில் படுக்க வைத்த ஒரு பொம்மை, மூலையில் ஒரு கை இல்லாத எலும்புக்கூடு. நாற்காலியில் இருந்தவர் தன்னை டைரக்டர் என்றார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்னிடம், எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கவுன்சில் பதிவு உண்டா என்று கேள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டேன்.

"கவுன்சிலா? நீ என்ன நர்சிங் படிக்க வந்தியா, எலெக்ஷன்ல நிக்க வந்தியா?" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு இறங்கி வந்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். அத்தனை வருஷமாக அந்தக் கட்டில் அங்கேயே கிடக்கிறது. எந்த ஆட்சி வந்தாலும் அந்தப் போர்டுக்கு மட்டும் புது பெயின்ட். திறப்பு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் ரிப்பன் வெட்ட ஆள் வருகிறார்கள். உள்ளே ஏன் பொம்மை மட்டும் இருக்கிறது என்று வெட்டியவர் யாரும் கேட்டதில்லை.

ஆனால் தம்பிகளே, தங்கைகளே, மோசடிக்காரன் பணம் பிடுங்கினான் என்பது பழைய கதை. அதை ஜாக்கிரதையாக இருந்தால் தாண்டிவிடலாம். நான் சொல்ல வந்தது ஒழுங்கான வழியைப் பற்றி. காசில்லாமல் படிக்கும் வழியைப் பற்றி. நீங்கள் எல்லாம் வந்த இதே ஆஸ்பத்திரி வழியைப் பற்றி.

மாடிப்படி இறங்கிய கையோடு நான் இங்கேதான் வந்தேன். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, படித்து முடித்தபின் சில வருஷம் இங்கேயே வேலை செய்துகொடுக்க வேண்டும். கவுன்சில் பதிவும் உண்டு. ஆண்களுக்கு இடம் ரொம்பக் குறைவு, ஆனால் உண்டு. என் மார்க்கைப் பார்த்துவிட்டு, "அப்பா தொழில், வருமானம் ரெண்டுக்கும் சர்டிபிகேட் கொண்டு வா, மத்ததைப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். திருவாரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்குத் திரும்பினேன், கால் தரையில் பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை பள்ளிக்கூடத்துக்குப் போன ஆளே நான் ஒருவன்தான்.

அப்போது ஊருக்கு ஊர், வரி வசூலும் ஊர் நிர்வாகமும் பார்க்கிற பரம்பரைக் கிராம முன்சீப் இருந்தார்கள். முன்சீப் எழுதிக் கொடுத்தால் தாலுகா ஆபீஸில் கண்ணை மூடிக்கொண்டு சீல் குத்துவார்கள். எங்கள் முன்சீப், ஊர் நிலத்தில் பெரும்பகுதி வைத்திருந்த மிராசுதாருக்குச் சம்பந்தி முறை. எங்கள் தெருக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுதான் பேசுவார்கள்.

அன்றைக்கு அவர் எனக்கு நாற்காலி போட்டார்.

"உக்காருப்பா. நர்ஸுக்குப் படிக்கப் போறியாமே? நம்ம ஊருக்கே பெருமை. சர்டிபிகேட்டுதானே, இப்பவே எழுதிடுவோம்." காபி வந்தது, பித்தளை டம்ளரில். என் மார்க்கைக் கேட்டார், புத்திசாலி என்றார். அவரே எழுதினார். "உங்க அப்பன் கைநாட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்துடு, நானே தாலுகா ஆபீஸுக்கு அனுப்பிடறேன். நீ அலைய வேணாம்."

நான் ஓடினேன். அப்பா நாற்றங்காலில் நின்றார். குறுவைக்கு நாற்றுப் பறிக்கிற நேரம். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு, "படி" என்றார். படித்தேன். இன்னார், இன்ன ஊர், இன்ன மிராசு பண்ணையில் விவசாயக் கூலி, சொந்தமாகவோ குத்தகையாகவோ சாகுபடி எதுவும் இல்லை, இது நான் மனப்பூர்வமாகச் சொல்வது.

"இன்னொரு தரம் படி, தம்பி."

படித்தேன்.

"யாரு கூலி?" என்றார் அப்பா.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் மிராசுதாரின் நிலத்தைத் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்துவந்தோம். எங்கள் தெருவில் பல குடும்பங்கள் அப்படித்தான். களத்தில் நெல்லை அளந்து கொடுப்பார்கள், ரசீது என்று ஒன்று வாங்கியதே கிடையாது. குத்தகைக்காரர்களின் பேரைப் பதிவு செய்ய வேண்டும் என்று மெட்ராஸில் சட்டம் போட்டார்கள். மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்கள். பேனாவை மட்டும் முன்சீப் கையிலேயே விட்டுவிட்டார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் வந்து தெருவுக்கே சேர்த்து ஒரே மனுவாகப் போட்டுக் கொடுத்தார்கள். மிராசுதாரின் பதில் ஒரே வரி: இவர்கள் யாரும் குத்தகைக்காரர்கள் இல்லை, என் பண்ணையில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். விசாரணை நடந்துகொண்டிருந்தது. கூலி என்று ஆனால் நிலத்தை விட்டு இறங்க வேண்டியதுதான். ஒருவர் வாயால் கூலி என்று வந்துவிட்டால் மற்றவர்கள் மனுவும் அதோடு போயிற்று.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். மனுவைத் தெருவுக்குப் படித்துக் காட்டியதே நான்தான். ஆனால் நாற்காலியும் காபியும் சேர்ந்து என் கண்ணைக் கட்டிவிட்டன. நர்சிங் என்ற ஒரு வார்த்தையைத் தவிர எனக்கு அந்தக் காகிதத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

"அப்பா, கூலின்னு இருந்தாத்தான் இலவசம். சும்மா ஒரு காகிதம்."

"உன்னை உக்கார வச்சாரா?"

"ஆமாம்ப்பா. நாற்காலியில."

"நாற்காலி சும்மா வராது தம்பி" என்றார் அப்பா. குனிந்து நாற்றுமுடியைக் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்தபோது, "எனக்கு மட்டும்னா இப்பவே வச்சிருப்பேன். இது தெரு மனு. கேட்டுட்டு வைக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்களை அடிபைப்புக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார். என்னையே அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொன்னார். கூலி என்ற இடத்தை அவசரமாகப் படித்துத் தாண்டினேன். எல்லோரும் காகிதத்தையே பார்த்தார்கள். எனக்கு அவர்கள் திட்டினால் போதும் என்றிருந்தது. திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அப்பா கையைப் பிடித்து இழுத்து மையில் அமுக்கியிருப்பேன்.

பாக்கியம் பெரியம்மா முதலில் பேசினார். புருஷன் போனபின் தானே நின்று பயிர் வைத்தவர். வாய்க்கால் தண்ணீருக்காக மிராசுதாரின் ஆளோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர். அவர் சொன்னார்: "வையிங்க அண்ணே. இவ்வளவு நாளு கூலின்னுதானே கூப்புட்டாங்க, இன்னும் கொஞ்ச நாளு கூப்புடட்டும். பய படிச்சுட்டு வரட்டும்."

"வந்து என்ன, நிலத்தைத் திருப்பி வாங்கித் தருவானா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஊசி போடுவான்டா. உனக்குப் போடறப்ப மட்டும் மொக்கை ஊசியாப் பாத்துப் போடச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சரி என்றார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் சரி என்றார்கள். அப்பா கட்டைவிரலைத் துண்டில் துடைத்தார்.

வார்டில் ஒரு நோயாளிக்குத் திடீரென்று மூச்சு இழுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். முதலில் எதைப் பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது, எதைத் தொடக்கூடாது. அன்றைக்கு எனக்கு அப்படி யாரும் சொல்லித் தரவில்லை. பாக்கியம் பெரியம்மாவின் கையைத்தான் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சேறு. அந்தக் கை விட்டுக்கொடுக்கிற இடத்தில் நான் உட்கார்ந்து படிக்கப் போகிறேன் என்று உறைத்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. அவர்கள்மேல் இல்லை. ஒரு பிள்ளைக்குப் படிப்புக் கொடுக்க ஒரு தெருவே கைகட்டி நின்று நாங்கள் ஒன்றுமில்லாதவர்கள் என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் மேல். காகிதத்தை அப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"வேணாம்ப்பா" என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது.

மறுநாள் முன்சீப் வீட்டுக்குப் போனேன். நாற்காலி அங்கேயேதான் இருந்தது. நான் உட்காரவில்லை.

"கைநாட்டு எங்கடா?"

"எங்க அப்பா கூலி இல்லீங்க."

"அப்ப என்ன, பணக்காரன்னு எழுதிடவா?"

"குத்தகை சாகுபடின்னு எழுதுங்க. குத்தகை அளந்தது போக என்ன மிச்சமோ அதை வருமானம்னு போடுங்க. கூலிக்காரரை விடக் கம்மியாத்தான் வரும்."

"குத்தகையா இல்லையாங்கறது விசாரணையில இருக்கு. அதை நான் எப்படி எழுதறது?"

"விசாரணையில இருக்கறப்ப கூலின்னு மட்டும் எப்படிங்க எழுதுனீங்க?"

அவர் உள்ளே பார்த்து, "அந்த நாற்காலியை எடுத்து உள்ள போடுங்க" என்றார். அதுதான் பதில்.

அடுத்து இங்கே வந்தேன். அப்போதிருந்த மேட்ரன் வேறு ஒருவர். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டு, "சர்டிபிகேட் இல்லாம இலவச இடம் தர முடியாது, தம்பி. ரூல்ஸ்" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. சொல்லவும் செய்தேன்: "ஏழையா இருந்தா மட்டும் போதாதா மேடம், மிராசுதாரோட சம்பந்தி கையால ஏழைன்னு எழுதி வாங்கணுமா?"

அவர் என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வார்டு பாய் வேலை ஒண்ணு காலியா இருக்கு. ஒரு வருஷம் ஒழுங்காப் பாத்தா, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குன்னு நர்சிங்ல ஒரு இடம் உண்டு. அதுக்கு அப்பா என்ன பண்றாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பெட்பேன் கழுவுவியா?"

"கழுவறேன் மேடம்."

கழுவினேன். என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் ஒருவன் அதே வருஷம் இங்கே நர்சிங் சேர்ந்து, என்னை வாளி எடுத்து வரச் சொல்லி ஏவினான். எடுத்து வந்தேன். ஊரில் முன்சீப், "நர்ஸுக்குப் படிக்கப் போனவன் பீ அள்ளுறானாம்" என்று சொல்லிச் சிரித்தாராம். அப்பா அதற்கு, "அள்ளட்டும். அவன் அள்ளறது நோயாளியோடது. நான் இத்தனை வருஷம் நெல்லை அள்ளிக் கொட்டுனது மிராசோட பத்தாயத்துல" என்றாராம். பாக்கியம் பெரியம்மா தெரு முழுக்க அதைச் சொல்லித் திரிந்தார். வருஷம் முடிந்து எனக்கு ஊழியர் இடம் கிடைத்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் முடியவில்லை. முன்சீப் பதவியை எடுத்துவிட்டார்கள், புதுசாகக் கிராம அதிகாரிகள் வந்தார்கள், ஆட்சி மாறியது, தாசில்தார்கள் எத்தனையோ பேர் மாறினார்கள். வாய்தா மட்டும் மாறவில்லை. ஆனால் எங்கள் தெருவில் யாரும் நிலத்தை விட்டு இறங்கவில்லை. இந்தக் குறுவைக்கும் அப்பாதான் நட்டார். பாக்கியம் பெரியம்மாவுக்குச் சர்க்கரை, ஊருக்குப் போகும்போதெல்லாம் ஊசி போடுகிறேன். மொக்கை ஊசி இல்லை.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா, நேர்மையாக இருந்தால் வழி பிறக்கும் என்று முடித்தால் மலருக்கு நன்றாக இருக்கும். முடிக்க மாட்டேன். ஏனென்றால் மல்லிகாவுக்கு அந்த வழி இல்லை.

அவளிடம் ஊழியர் இடத்தைப் பற்றிச் சொன்னதே நான்தான். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், பிறகு நிஜமான நர்சிங் படிக்கலாம் என்றேன். கடித்துக்கொண்டாள். அவள் வேலை எப்படி என்று வார்டில் படுத்திருந்தவர்களைக் கேளுங்கள். வருஷம் முடிந்து விண்ணப்பம் போடப் போனால், இனிமேல் ஊழியர் இடத்துக்கும் வருமானச் சர்டிபிகேட் வேண்டும் என்று நிர்வாகம் விதியை மாற்றிவிட்டது. சரி, வாங்கிவிடலாம் என்று அவள் அப்பா கிராம அதிகாரியிடம் போனார்.

"உங்க பேர்ல தென்னந்தோப்பு இருக்கே, உங்களுக்கு எப்படிங்க ஏழைன்னு எழுதறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தோப்பு விற்றுப் பல நாள் ஆகிறது. பணம் கொடுத்துத் தோப்பை எடுத்துக்கொண்டவர் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றவில்லை. அவருக்கு ஏற்கெனவே நிலம் நிறைய. இன்னும் ஏறினால் நில உச்சவரம்புச் சட்டம் இடிக்கும். அதனால் மல்லிகா அப்பாவின் பேரிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். தேங்காய் அவர் வீட்டுக்குப் போகிறது. பணக்காரன் என்ற பேர் மட்டும் இவருக்கு. விற்ற தோப்பு காகிதத்தில் இன்னும் காய்க்கிறது.

எங்கள் அப்பாவைக் கூலி என்று எழுதத் துடித்தது ஒரு பேனா. இருந்த தோப்பையும் இழந்த மனிதரைத் தோப்புக்காரர் என்று எழுதுகிறது இன்னொரு பேனா. எந்தப் பொய்யை எழுதினால் யாருக்கு லாபமோ அந்தப் பொய்தான் சர்டிபிகேட் ஆகிறது. இதற்கு நடுவில் புகுந்துதான் நம் வீட்டுப் பிள்ளைகள் நர்ஸ் ஆக வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி தங்கைகள் படிக்க வழி கேட்டால், கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். கவுன்சில் பதிவு உண்டா என்று கேளுங்கள். அப்புறம், இந்த இலவசத்துக்காக வீட்டில் யார் எதைச் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

நான் புது வேலையில் சேர்வதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை பாக்கி இருக்கிறது. அன்றைக்கு மல்லிகாவையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போகிறேன். தோப்பில் தேங்காய் வெட்டுகிற ஆட்களும் வருகிறார்கள், யாரிடம் கூலி வாங்குகிறோம் என்று தாசில்தார் முன்னால் சொல்ல. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. தாசில்தார் சொன்னால் சர்டிபிகேட்டை அன்றைக்கே எழுதிவிடலாம், மனசு இருந்தால்.

டூட்டி இல்லாதவர்கள் எல்லோரும் வாருங்கள். யூனிபாரத்திலேயே வாருங்கள், தொப்பியோடு. அவளிடம் பணம் பிடுங்கிக்கொண்டு கொடுத்த அதே வெள்ளையில் அவளுக்காக நாற்பது பேர் வராந்தாவில் நிற்கட்டும். கூச்சல் வேண்டாம், நியாயத்தைக் கேட்போம், பதில் வரும்வரை நிற்போம்.

யாராவது ஓடி வந்து நாற்காலி போடுவார்கள். உட்கார்ந்துவிடாதீர்கள்.